சலக்கடுப்பு: சொல்லத் தயங்கியதும் சொல்ல வேண்டியதும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதினோம். ஒரே வகுப்பில் படித்து, ஒருவர் வைத்தியராகவும் ஒருவர் தாதியாகவும் ஒருவர் குடும்பநல உத்தியோகத்தராகவும் ஆனவர்கள் நாங்கள். பெண்களுக்குப் பயன்படும் ஒரு விடயத்தைப் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, மூவரும் சொன்னது ஒன்றையே: சலக்கடுப்பு. குழுவில் இருந்த ஓர் அக்கா, "நூற்றாண்டு மேடையில் இதையா பேசுவது?" என்று தயங்கினார். அந்தத் தயக்கத்தினால்தான் இதைப் பேசியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

நாங்கள் படித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டால் இரண்டு மணிக்குப் பிறகுதான் வீடு. இடையில் மலசலகூடம் போவதென்றால் ஒருத்தி உள்ளே போக மற்றவள் வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டும். கதவுக்குக் கொழுக்கி இல்லை. வாளியில் தண்ணீர் இருந்தால் அது அதிட்டம். ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம்: தண்ணீர் குடிப்பதில்லை. 1995 இடப்பெயர்வின்போது, தங்கிய இடங்களில் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருந்ததும் எங்களில் பலருக்கு மறக்காது. அப்படி அடக்குவதைப் பெண்பிள்ளைக்குரிய பொறுமை என்றே நினைத்திருந்தோம்.

இனி நோயைப் பற்றிச் சொல்கிறோம். சலக்கடுப்பு உடம்புச் சூட்டால் வருவதென்று எங்கள் அம்மம்மாமார் சொன்னார்கள். பெரும்பாலும் அது கிருமியால் வருவது. பத்தில் எட்டுப் பேரளவில் அதற்குக் காரணம் ஈ.கோலை என்ற பற்றீரியா. அது எங்கள் குடலிலேயே தீங்கின்றி வாழ்வது. மலவாசலின் அருகிலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு வந்து, மேலேறிச் சிறுநீர்ப்பையை அடைந்தால் தொற்றாகிறது. ஆண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளம். எங்களுடையது 4 சென்ரிமீற்றர்தான். பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதை அனுபவிப்பதற்கு இதுவே முதற் காரணம். இதில் துப்புரவின்மையும் இல்லை, ஒழுக்கக்கேடும் இல்லை. உடலின் அமைப்பு அப்படி.

யாருக்கு ஆபத்துக் கூட? வயதுவாரியாகப் பார்ப்போம்.

சிறு பிள்ளைகளில், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் சலத்தை அடக்கிப் பழகியவர்களுக்கும் இது திரும்பத் திரும்ப வரலாம். கிருமியைக் கழுவி வெளியேற்றுவது சலந்தான். அது தேங்கி நின்றால் கிருமி பெருகும். மணமானவர்களுக்கு, தாம்பத்திய உறவு ஒரு காரணம். கலியாணமான புதிதில் வரும் கடுப்பை யாருக்கும் சொல்லாமல் அழுதவர்கள் எங்கள் கிளினிக்குகளுக்கு இன்றும் வருகிறார்கள். கர்ப்பிணிகளில் சிறுநீர் இறங்கும் வேகம் குறைவதால் தொற்று மேலேறுவது இலகு. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரஜன் குறைவதால் யோனியின் இயற்கைப் பாதுகாப்பும் குறைகிறது. நீரிழிவு, சிறுநீரகக் கல், கர்ப்பப்பை இறக்கம், சலம் போவதற்கு ரியூப் போட்டிருத்தல் என்பனவும் ஆபத்தைக் கூட்டும்.

அறிகுறிகள் தெரிந்தவைதான்: எரிவு, அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, அடிவயிற்று நோ, கலங்கிய அல்லது இரத்தம் கலந்த சலம். இந்த நிலையில் சரியான மருந்து எடுத்தால் சில நாட்களில் சுகம். நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புறத்தில் நோ, வாந்தி என்று வந்தால் தொற்றுச் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று கொள்ளுங்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கிருந்து கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிராபத்து. குழந்தைகளில் காய்ச்சல் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். கவனியாமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்து, பிற்காலத்தில் இரத்த அழுத்தம் வரக்கூடும். வயோதிபர்களில் எரிவு இல்லாமலே காய்ச்சலும் சோர்வும் தடுமாற்றமும் தோன்றலாம்.

எங்கள் தோழி ஒருத்தியின் கதையை அவளின் அனுமதியுடன் சொல்கிறோம். முதற் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஐந்தாம் மாதத்தில் கடுப்பு வந்தது. கிளினிக்கில் ஆட்கள் நிறைய இருந்தார்கள் என்று வாய் திறக்கவில்லை. வீட்டில் இளநீரும் பார்லித் தண்ணீரும் குடித்தாள், சற்றுக் குறைந்தது. ஏழாம் மாதத்தில் ஒரு இரவு நடுங்கிக் காய்ச்சல். வைத்தியசாலையில் சேர்த்து மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது, இரண்டு கைக்குள் அடங்கும் அளவில். பல வாரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். "ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும்" என்று அவள் இப்போதும் சொல்வாள். கர்ப்பிணிகளில் எந்த அறிகுறியும் இல்லாமலே சலத்தில் கிருமி இருக்கலாம். மருந்து எடுக்காவிட்டால் அவர்களில் நான்கில் ஒருவருக்கு வரை அது சிறுநீரகத் தொற்றாக மாறும். கிளினிக்கில் சலம் பரிசோதிப்பது இதற்காகவுந்தான். தட்டிக் கழிக்காதீர்கள்.

இளநீரும் பார்லியும் கெடுதல் இல்லை. உள்ளே போகும் நீர் எல்லாம் நல்லதே. ஆனால் பிடித்துவிட்ட தொற்றை அவை மாற்றா. அடிக்கடி கடுப்பு வந்த, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வொன்றில், நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 1.7 தடவையே தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. கனடாவின் குளிரில் தாகமே எடுப்பதில்லை என்னும் தோழியருக்கும், இரவு வேலையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இதைக் குறிப்பாகச் சொல்கிறோம். இருதய, சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் வைத்தியரிடம் அளவு கேட்டுக் குடிக்க வேண்டும்.

மற்றவை சிறு பழக்கங்கள். அடக்காதீர்கள். முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள், கழுவுங்கள். உறவின் பின் சலம் கழியுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு அடிக்கடி வந்தால், யோனியில் பூசும் ஈஸ்ட்ரஜன் களிம்பு பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

ஒரு கண்டிப்பான வேண்டுகோளும் உண்டு. போன முறை மிஞ்சிய குளிசையையோ, அக்காவுக்குக் கொடுத்த குளிசையையோ எடுக்காதீர்கள். எரிவு நின்றதும் மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நுண்ணுயிர்கொல்லிகளை இப்படிக் கண்டபடி பாவித்ததால், முன்பு கேட்ட மருந்துகளுக்குக் கிருமிகள் இப்போது மசிவதில்லை. திரும்பத் திரும்ப வந்தால், மருந்து தொடங்கு முன்பே யூரின் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். அது எந்தக் கிருமி, எந்த மருந்து என்று சொல்லிவிடும்.

இறுதியாக, எங்கள் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். நூற்றாண்டு நினைவாக வாயிலில் வளைவு கட்ட நிதி சேர்க்கிறோம். வளைவு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு முதல், கொழுக்கி உள்ள கதவும், நாள் முழுதும் தண்ணீர் வரும் குழாயும், சவர்க்காரமும், மூடியுள்ள குப்பைத் தொட்டியும் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும். கட்டிக் கொடுப்பது ஒருநாள் வேலை. துப்புரவாக வைத்திருப்பது மாதாமாதச் செலவு. துப்புரவாளரின் சம்பளத்துக்கென ஒரு நிரந்தர வைப்பு வைப்போம். எங்கள் மூவரின் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டோம்.

ஆசிரியைகளிடமும் கேட்கிறோம்: ஒரு பிள்ளை கை உயர்த்தி வெளியே போகக் கேட்டால், "பாடம் முடியட்டும்" என்று சொல்லாதீர்கள்.

தங்கைமாரே, நாளைக்குத் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு வாருங்கள். வீடு திரும்பும்போது அது வெறுமையாக இருக்கட்டும். எரிந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள், ரீச்சரிடம் சொல்லுங்கள். நாங்கள் சொல்லாமல் இருந்து பட்டது போதும்.