கணக்கறிந்து கடன் பெறுவோம்
(பரளச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மழையை நம்பி விதைக்கும் இப்பகுதியில், விதைப்புக்கு முன்பே கடன் தேட வேண்டியிருப்பதை நாம் அறிவோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி சிறிதாகத் தோன்றும். ஆண்டுக்கோ அது 24 ரூபாய். ஒப்பிட்டுப் பாராமையே நமக்கு நஷ்டம்.

இவ்வொப்பீட்டையே தொழிலாக்கியது, 2008-ஆம் ஆண்டில் ஆதில் ஷெட்டி முதலியோர் சென்னையில் தொடங்கிய பேங்க்பஜார் நிறுவனம். அது தானாகக் கடன் கொடுப்பதில்லை; பல வங்கிகளின் வட்டி விகிதங்களை இணையத்தில் ஒருங்கே காட்டி, வங்கிகளிடம் கட்டணம் பெற்று வளர்ந்தது. 2015-இல் அமேசான் அதில் முதலீடு செய்தது.

ஆயினும், கைப்பேசியில் காண்பன யாவும் நம்பத்தக்கவை அல்ல. முன்பணமோ இரகசிய எண்ணோ கேட்பவருக்கு இடங்கொடாதிருப்போம். நமது கூட்டுறவுச் சங்கத்தையும் ஒப்பீட்டில் சேர்ப்போம். பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பினால் அங்கு வட்டியே இல்லை.

கணக்கறிந்து பெறுவோம்; காலத்தில் செலுத்துவோம்.