ஊருக்குள் இடம் கொடு!



சென்னையில் இடமே இல்லை என்கிறார்கள். வீடு கேட்டுப் போகும் ஏழைக்கெல்லாம் இந்த ஒரே பதில்தான். இடம் எப்படி இல்லாமல் போனது என்று மட்டும் எவரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

இடம் வேண்டுமென்றால் இந்த ஊரை ஆண்டவர்களுக்குத் தெரிந்த வழி இரண்டுதான். ஏரியைத் தூர்ப்பது ஒன்று. ஏழையைத் துரத்துவது இன்னொன்று.

1920-களில் மாம்பலம் ஏரியை வடித்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் போட்ட மனைகளுக்குப் பெயரே ஏரித் திட்டம்! பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பாதுகாக்க மிஞ்சியதை 2022-ல்தான் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் ஒரு பக்கம் குப்பைமேடு, மறுபக்கம் கட்டடங்கள். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வெள்ளம் எங்கே வந்து நின்றது? தன் பழைய வீட்டில் வந்து நின்றது. தண்ணீருக்குப் பட்டா தேவையில்லை, தோழர்களே!

அடுத்தது துரத்தும் கதை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். 2000-க்குப் பிறகு என்ன நடந்தது? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கூவக்கரை மக்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கினார்கள்.

பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். விடியுமுன் எழுந்து, லிஃப்ட் நின்றுபோன நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறி, உலை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம்தான், மறுக்கவில்லை. போக வர ஆகும் நேரம் இலவசமா? அந்த நேரத்தில் அவள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார்?

2022-ல் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்தார்கள். எல்லைக்கோட்டைத் தள்ளிப் போட்டால் வேலையும் கூடவே நகர்ந்து வருமா? வேலை நடு ஊரில், வீடு கடைக்கோடியில் என்றால் சாலை நெரியத்தான் செய்யும். ஊருக்குள் ஏழைக்கு வீடு கட்டினால் நெரிசலாகும் என்பவர்களுக்கு இதுவே என் பதில்.

ஊருக்குள் இடம் இருக்கிறது! பறக்கும் ரயில் நிலையங்களில் மாடி மாடியாக வெறிச்சோடிக் கிடக்கிறது. அரசுத் துறைகளின் வளாகங்கள் புதர் மண்டிக் கிடக்கின்றன. விலை ஏறட்டும் என்று வேலி போட்ட மனைகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அப்படி நிலம் ஒருசிலர் கையில் குவிவதைத் தடுக்க 1978-ல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 1999-ல் அதையும் நீக்கிவிட்டார்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் நூறு கிலோமீட்டருக்கும் மேல், போடுவது நம் வரிப்பணத்தில். பாதையோரம் மனை விலை ஏறுகிறதே, அந்த லாபம் யார் பைக்குப் போகிறது?

சிங்கப்பூரைப் பாருங்கள். 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1966-ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம். இன்று அங்கே குடிமக்களில் ஐந்தில் ஏறக்குறைய நால்வர் அரசு கட்டிய வீட்டில் வாழ்கிறார்கள். நம்மைவிட இடம் அதிகம் என்பதாலா? நிலம் பொதுத் தேவைக்கு என்று துணிந்து முடிவெடுத்ததால்!

நம் கோரிக்கைகள் நான்கு. அரசின் காலி நிலம் எங்கே, எவ்வளவு என்று வார்டு வாரியாகப் பட்டியல் வெளியிடு. இடிந்து விழும் வாரியக் குடியிருப்புகளை அதே இடத்தில் உயர்த்திக் கட்டி, அதே மக்களுக்குக் கொடு, மிச்சத்தை வாடகைக்கு அல்லாடுவோருக்குக் கொடு. காலி மனையைப் பதுக்குவோர் மீது கடும் வரி போடு. மெட்ரோ நிலையத்தைச் சுற்றி எழும் ஒவ்வொரு பெரிய கட்டடத்திலும் உழைப்பவருக்குப் பங்கு ஒதுக்கு. ஏரியில் மட்டும் ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது!

இந்த ஊர் எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் ஆயுள் 2026-வரைதான். அடுத்த இருபது ஆண்டுக்கு இந்த ஊர் யாருக்கு என்பதை மூன்றாம் திட்டம் எழுதப்போகிறது. சட்டப்படி மக்களிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும். அப்போது நாம் கொடுக்கும் மனுவில் உங்கள் கையெழுத்து இருக்கட்டும். உங்கள் தெருவில் உள்ள காலி நிலத்தின் பெயரும் இருக்கட்டும். கேட்காமல் கிடைக்காது. கேளுங்கள், கூட்டமாய்ப் போய்க் கேளுங்கள்!