நோய்ப்படுக்கையிற் கலை



சூலை நோயால் வருந்திய திருநாவுக்கரசர் திருவதிகையிலே பதிகம் பாடி நலம்பெற்றதை நாமனைவரும் அறிவோம். சவுல் அரசனின் கலக்கத்தைத் தாவீது சுரமண்டலம் வாசித்துத் தணித்த கதையை மிஷன் பாடசாலையிற் கேட்டிருக்கின்றோம். முன்னதிலே பாடியவர் நோயாளரே. பின்னதிலே நோயாளர் கேட்டிருந்தார். இவ்வேறுபாடு சிறிதன்று.

1938ஆம் ஆண்டிலே ஏட்றியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர், கசநோயுற்று மிட்ஹர்ஸ்ட் ஆரோக்கியநிலையத்திற் கிடந்தார். அக்காலத்தில் அந்நோய்க்குத் தக்க மருந்தில்லை. நெடுநாள் ஓய்வும் தூய காற்றுமே சிகிச்சை. படுக்கையிலிருந்தே அவர் வரையலானார். பின்னர் ஏனைய நோயாளருக்கும் போரிலே காயமுற்ற வீரருக்கும் வரையக் கற்பித்தார். 1945இல் அதுபற்றி நூலும் எழுதினார். ஓவியம் கசக்கிருமியைக் கொல்லவில்லை. அது பின்வந்த மருந்துகளின் வேலை. ஆனால், நாட்களை எண்ணிச் சோர்ந்த மனத்துக்கு நாளைக்கு முடிக்கவேண்டிய வேலையொன்று கிடைத்தது. 2019இலே உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையொன்று, 900க்கு மேற்பட்ட வெளியீடுகளை ஆராய்ந்து, கலை நோயாளருக்குத் துணைபுரிவதற்குச் சான்று காட்டிற்று.

திருவிழா நாட்களில் வைத்தியசாலைக்குப் பழங்கள் கொண்டுசெல்கின்றோம், நன்று. பஜனைக் கோஷ்டியும் ஒலிபெருக்கியும் போகட்டும் என்கின்றனர் சிலர். பெரியோர் பொறுத்தருள்க: சத்திரசிகிச்சை முடிந்து கிடப்பவருக்கு ஒலிபெருக்கி மற்றுமொரு நோய்! தாதியரிடம் அனுமதி பெற்று, விரும்புவோர் கட்டிலருகே மாத்திரம் அமர்ந்து, அவர் கேட்பதை மெல்லப் பாடுவோம். அவர் பாடினால் நாம் கேட்போம். சிறுவர் விடுதிக்குத் தாளும் வண்ணப் பென்சிலும் கொண்டுசெல்வோம். வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.