இளையோர் மனத்துயரும் நம் இல்லங்களும்

(குன்னத்தில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதி, விவாக உதவி, மண்டபக் கட்டிடம் ஆகிய விஷயங்களே நமது கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படுவன. நான் எடுத்துக்கொண்டதோ நல்ல சபையில் சொல்லத் தயங்கும் பொருள். தயங்கித் தயங்கியே பிள்ளைகளை இழந்து வருகிறோமாதலின் இன்று பேசத் துணிந்தேன். நம் வீட்டு இளம் பிள்ளைகள் மனம் நொந்து தம்மைத்தாமே வருத்திக்கொள்வதையும், சிலர் உயிரையே விட்டுவிடுவதையும் பற்றியது அது.

இது பட்டணத்துச் சங்கதி என்று நினைப்போர் பலர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 1992 முதல் 2001 வரை நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தனர். 10 முதல் 19 வயது வரையுள்ளோரில், ஆண்டொன்றுக்கு லட்சத்துக்கு 148 பெண்களும் 58 ஆண்களும் தற்கொலையால் மாண்டதாக 2004-இல் வெளியிட்டனர். அவர்கள் கண்ட காரணங்களுள் குடும்பச் சச்சரவும், வீட்டில் நடக்கும் வன்முறையும், பரீட்சைத் தோல்வியும், நிறைவேறாத காதலும், மனநோயும் இருந்தன.

பெண்பிள்ளைகள் இரண்டு மடங்குக்கு மேல் என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். மகன் கோபித்துக்கொண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுகிறான்; பொழுது சாய்ந்து வந்தால் சோறு காத்திருக்கிறது. மகளுக்குப் போக இடமேது? திட்டு விழுந்த அடுப்பங்கரையிலேயே அவள் அழுகையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். அவள் பெரியவளானதும் தகப்பன் அவளோடு பேசுவதையே குறைத்துக்கொள்கிறான். இதை நாம் மரியாதை என்கிறோம். அவள் அதைத் தள்ளிவைத்ததாகவே எடுத்துக்கொள்கிறாள்.

மானம் என்னும் பேரால் நாம் செய்வதையும் மறைக்கலாகாது. ஒரு பெண் வேற்றுச் சமூகத்துப் பையனோடு பேசினாள் என்று தெரிந்தால், மறுநாளே பங்காளிகள் கூடுகிறோம். படிப்பை நிறுத்துவதா, மாப்பிள்ளை பார்ப்பதா என்று வழக்காடுகிறோம். உள்ளறையில் இருக்கும் அப்பெண்ணிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவ்வாறு கூடிய பெரியவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். அன்றிரவு அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்கு வெகுநாள் கழித்தே தோன்றிற்று.

வீட்டின்மேலேயே பழி முழுவதையும் சுமத்த நான் வரவில்லை. பக்கத்துச் செந்துறை வட்டத்துக் குழுமூரில் 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி மாணவி அனிதா உயிர் நீத்ததை இங்கு அறியாதார் இலர். கூலி வேலை செய்த தகப்பனார் அரும்பாடுபட்டுப் படிக்கவைத்த பெண். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 பெற்றும் நீட் தேர்வினால் மருத்துவப் படிப்பு கிட்டவில்லை. அன்பு குறைந்த வீடன்று அது. வெளியுலகம் சுமத்தும் பாரம் அத்தனை பெரிதாயிருக்க, வீட்டிலும் நாம் ஏன் கூட்டவேண்டும் என்பதே என் கேள்வி. அத்தை மகன் வாங்கிய மதிப்பெண்ணைச் சோற்றுத்தட்டின் முன் எத்தனை முறை சொல்லிக் காட்டுகிறோம்! குடித்துவிட்டு வந்து பிள்ளைகள் எதிரில் மனைவியை அடிப்பவன், மறுநாள் அப்பிள்ளை ஏன் படிக்கவில்லை என்று கேட்கிறான்.

பிள்ளை உண்ணாமல் உறங்காமல் ஒதுங்கியிருந்தாலும், பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தாலும், ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்று சொன்னாலும், அதை நடிப்பென்று தள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து, ‘சாகவேண்டுமென்று தோன்றுகிறதா?’ என்றே கேட்கலாம். கேட்டால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது தவறென மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். பதில் வந்தால் நடுவில் குறுக்கிடாதிருங்கள். நமக்கு அதுவே அரிது.

பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் வாங்கிய மருந்து நம் வீடுகளில் கதவிடுக்கில் கிடக்கிறது. கோபமும் துயரமும் உச்சத்தில் நிற்பது சிறிது நேரமே. அந்நேரத்தில் அது கைக்கெட்டாதிருந்தால் உயிர் தப்பும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், விவசாயிகள் பூச்சிமருந்தை ஊர்ப் பொதுவிடத்துப் பெட்டிகளில் பூட்டி வைக்கச் செய்து, பலன் இருந்ததாக 2013-இல் ஆய்வு வெளியிட்டனர். அது நம்மால் ஆகாத காரியமா?

போலீசுக்கு அஞ்சி, தம்மை வருத்திக்கொண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாத வீடுகள் உண்டு. 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படிச் செய்தவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், தண்டிக்கலாகாது என்கிறது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவும் இல்லை. ஆகவே மறைக்காமல் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-லும் பேசலாம். இவ்விரண்டையும் வீட்டு நாள்காட்டியில் எழுதி வையுங்கள்.

காரியதரிசி அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுவிழாவில் முதல் மதிப்பெண் பெற்றோரை மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறோம். தேர்ச்சி பெறாத பிள்ளைகள் அன்று ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். துணைத்தேர்வு எழுதப்போகும் அவர்களுக்கும் இவ்வாண்டு அழைப்பு அனுப்பவேண்டும். அவர்களைப் படிக்கவைக்க நம் ஆசிரியர்களில் இருவர் முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்களை இன்றே குறிப்பேட்டில் பதிந்துகொள்ளக் கோருகிறேன்.