நகரின் நடை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இலக்கிய விழாவில் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நம் மாதக் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். கவியரங்கம் களைகட்டும் வேளையில் பின்வரிசையிலிருந்து இருவர் மூவர் ஓசைப்படாமல் எழுந்து செல்வர். அவர்கள் கவிதை பிடிக்காமல் எழுந்தவர்கள் அல்லர். (அப்படியும் சிலர் இருக்கலாம், அதைக் கவிஞர்களின் ஆய்வுக்கே விட்டுவிடுகிறேன்.) ஆவடிக்கோ திருவொற்றியூருக்கோ செல்லும் பேருந்தைத் தவறவிட்டால், அடுத்தது எப்போது வரும் என்று அறியாதவர்கள் அவர்கள். பெண் கவிஞர்கள் சிலர் மாலைக் கூட்டங்களுக்கு வருவதையே விட்டுவிட்டனர். ஆகவே இப்பொருள் நமக்கு அயலானதன்று.

சென்னை ஒரு காலத்தில் இத்துறையின் முன்னோடி. 1895ஆம் ஆண்டிலேயே இங்கு மின்சார டிராம் ஓடியது. இந்தியாவில் அதுவே முதலாவது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சாரத் தொடர்வண்டி வந்தது. 1953இல் டிராம் நின்றுபோயிற்று. அதன் பின்னர், இருப்புப்பாதை எட்டாத இடங்களிலெல்லாம் மக்களைச் சுமக்கும் பொறுப்புப் பேருந்தின் மேல் விழுந்தது. மக்களோடு திருக்குறளையும் அது சுமந்தது. பள்ளிப் பாடநூலுக்கு வெளியே நம்மில் பலர் குறளைப் படித்தது, கம்பியைப் பிடித்து நின்றபடி, பேருந்தின் பலகையில்தான்.

குறளை எழுதிவைத்தோம், ஆனால் அந்தப் பேருந்து செல்வதற்கு வழி ஒதுக்கத் தவறினோம். நான் சொல்ல வந்தது இவ்வொன்றே.

'நடை' என்னும் சொல் எழுதுவோர்க்கு உரைநடையைக் குறிக்கும். பணிமனையில் அதற்கு வேறு பொருள் உண்டு. ஒரு பேருந்து தன் தடத்தில் ஒருமுறை சென்று சேர்வதை அங்கே 'ஒரு நடை' என்பர். ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய நடை, நெரிசலால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது என்று கொள்வோம். எட்டு மணி நேரப் பணியில் எட்டு நடை செல்லவேண்டிய பேருந்து ஐந்து நடைதான் முடிக்கும். ஓட்டுநர் அவரே, நடத்துநர் அவரே, வண்டியும் அதுவே. மூன்று நடைகள் மட்டும் சாலையிலேயே கரைந்துபோகின்றன. நிறுத்தத்தில் காத்திருப்பவர் பேருந்து குறைந்துவிட்டது என்கிறார். அவர் சொல்வது உண்மையே. சிலகாலம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தவணையில் இருசக்கர வண்டி ஒன்றை வாங்குகிறார். அவ்வண்டியும் அதே சாலைக்குத்தான் வருகிறது. பேருந்து மேலும் தாமதமாகிறது. அடுத்தவரும் வண்டி வாங்குகிறார். இச்சுழலை அறுக்காமல் புதிய பேருந்துகளை மட்டும் வாங்கிவிட்டால், அவையும் நெரிசலில் போய் நிற்கும்.

மேம்பாலங்கள் இச்சுழலை அறுக்குமா? 1973இல் அண்ணா மேம்பாலம் திறக்கப்பட்டது முதல் பாலங்கள் பல கட்டிவிட்டோம். ஒரு சந்திப்பில் நெரிசல் தளர்வது உண்மைதான். ஆனால் அது அடுத்த சந்திப்பிற்கு இடம்பெயர்கிறது. விரைவாகச் செல்லலாம் என்று தெரிந்ததும் புதிய வண்டிகள் அவ்வழியே திரும்புகின்றன. சில ஆண்டுகளில் பாலமும் நிரம்பிவிடுகிறது.

இரண்டு மூன்று மகிழுந்துகள் பிடிக்கும் இடத்தில் ஒரு பேருந்து நிற்கும். அம்மகிழுந்துகளில் நாலைந்து பேர் இருப்பர். அப்பேருந்தில் அறுபது பேர் இருப்பர். அப்படியாயின் சாலையில் யாருக்கு முன்னுரிமை? எளிய கணக்குத்தான், ஆனால் நடைமுறைப்படுத்துவது எளிதன்று. தில்லியில் 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில், பேருந்துக்கென்று தனித்தடம் அமைத்தனர். சந்திப்புகளில் குழப்பம் இருந்தது. வடிவமைப்பில் குறைகளும் இருந்தன. மகிழுந்தில் செல்வோர் வெகுண்டெழுந்தனர். அத்தடத்திற்கு எதிரான வழக்கை 2012இல் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இருந்தும் 2016இல் அத்தடம் அகற்றப்பட்டது. குறைகளைத் திருத்தியிருக்கலாம். நெரிசலில் நின்ற மகிழுந்துக்காரரின் குரல் செய்தித்தாள்களில் ஒலித்த அளவுக்கு, விரைந்து சென்ற பேருந்துப் பயணியின் குரல் ஒலிக்கவில்லை என்பதே என் கணிப்பு. கவிஞர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது.

சென்னையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 1995இல் பறக்கும் தொடர்வண்டி சேப்பாக்கம் வரை வந்தது. 2007இல் வேளச்சேரியை எட்டியது. 2015இல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் செல்லும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவர்களிடமே கேட்டறியலாம். 2025 செப்டம்பரில் பேருந்துக்கும் தொடர்வண்டிக்கும் மெட்ரோவுக்கும் சேர்த்து ஒரே பயணச்சீட்டு வழங்கும் செயலியும் வந்துவிட்டது.

சீட்டு ஒன்றாயிற்று, வழி இன்னும் ஒன்றாகவில்லை. பறக்கும் தொடர்வண்டி நிலையங்கள் சிலவற்றில் இறங்கி அடுத்த பேருந்து நிறுத்தத்தைத் தேடிப் பாருங்கள். இங்கேதான் 'நடை'யின் மற்றொரு பொருள் வருகிறது. பேருந்துப் பயணம் வீட்டு வாசலிலிருந்து கால்நடையாகத்தான் தொடங்குகிறது. 2014ஆம் ஆண்டிலேயே நம் மாநகராட்சி, நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. ஆயினும் பல தெருக்களில் நடைபாதையின் மேல் நிறுத்திய வண்டிகளைச் சுற்றிக்கொண்டு, முதியவர்கள் சாலையில் இறங்கித்தான் நடக்கின்றனர்.

அண்ணா சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் காலை மாலை நெரிசல் வேளைகளிலாவது ஒரு தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்கிப் பார்க்கலாம். சாயத்துக்கும் தடுப்புக்கும் காவலுக்கும் ஆகும் செலவு, ஒரு மேம்பாலத்தின் செலவோடு ஒப்பிடத் தக்கதன்று. இழந்த மூன்று நடைகளும் திரும்பிவரும். இரவு ஒன்பதுக்குப் பிறகும் குறித்த நேரத்தில் பேருந்து வருமென்ற உறுதி வேண்டும். அவ்வுறுதி கிடைத்தால் வண்டியை வீட்டில் விட்டுவர மனமுள்ளோர் இவ்வரங்கிலேயே பலர் இருப்பர் என நம்புகிறேன்.

அதுவரை நம் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டின் கூட்டங்களைத் தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்துவரும் தொலைவிலுள்ள அரங்கில், பிற்பகல் மூன்று மணிக்கே தொடங்குங்கள். கவியரங்கத்தை முதலில் வைத்து, என்போன்றோர் உரைகளை இறுதியில் வையுங்கள். எழுந்து செல்ல வேண்டியவர்கள் மனக்குறையின்றி எழுந்து செல்வர்.