புதிய தலைமையாசிரியரின் நாற்காலி



நம் காலனிப் பிள்ளைகள் பலர் கன்னியர் நடத்தும் பள்ளிகளில் பயில்கின்றனர். அத்தகைய பள்ளிகள் மலிந்த அமெரிக்க நாட்டிலே, அவற்றின் தலைமை ஏற்போர் படும் பாட்டைச் சிறிது சொல்ல விழைகிறேன்.

கோவில்தோறும் ஒரு பள்ளி வேண்டுமென்று 1884-இல் பால்டிமோர் நகரில் கூடிய ஆயர்கள் விதித்தனர். 1960-களின் தொடக்கத்தில் அந்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பயின்றனர். அன்று தலைமை தாங்கியவர் பெரும்பாலும் கன்னியரே. ஊதியம் சொற்பம், இருப்பிடம் மடம். ஐயமுற்றால் மாலையில் கேட்டுத் தெளிய அங்கேயே மூத்த சகோதரி ஒருவர் இருப்பார். இன்றோ பள்ளிப் பணியாளருள் நூற்றுக்கு 95-க்கு மேல் துறவு பூணாதவர். பிள்ளைகளும் 20 லட்சத்துக்குக் குறைவு.

நேற்றுவரை கணக்குச் சொல்லித் தந்தவர் இன்று அந்த நாற்காலியில் அமர்கிறார். வகுப்புகளைப் பார்வையிட வேண்டுமென்பது அவர் ஆவல். ஆனால் காலையில் கொதிகலன் பழுது. பின்னர்க் கட்டணம் கட்ட இயலாத தாய். பிற்பகலில் நன்கொடைக் கடிதங்கள். மாலையில் கோவில் குருவுடன் வரவு செலவு. அரசுப் பள்ளியாயின் மாவட்ட அலுவலகம் பங்கிட்டுக் கொள்ளும். இங்கே எல்லாம் ஒருவர் தலையில்! சேர்க்கை குறைந்தால் பள்ளியே மூடப்படலாம் என்ற அச்சம் வேறு. சில ஆண்டுகளில் அவர் விலகிச் சென்றால் வியப்பென்ன?

பயிற்சி வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஆயினும், மடத்திலிருந்த அந்த மூத்த சகோதரிக்கு ஈடாக ஒருவரையே அவர் முதலில் தேடுகிறார் என்பது என் துணிபு. சில மறைமாவட்டங்கள் இதை உணர்ந்து, அனுபவம் மிக்க தலைமையாசிரியர் ஒருவரைப் புதியவர்க்குத் துணையாக அமர்த்தியுள்ளன.