சிக்கன் கட்ஸு: தூளை முதலில் வறுக்க வேண்டும்

ரொட்டித்தூளில் புரட்டி, வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே சாறு வற்றாமலும் பொரித்தெடுக்கும் கோழிக்கறிக்கு ஜப்பானில் சிக்கன் கட்ஸு என்று பெயர். ‘கட்லெட்’ என்ற சொல் ஜப்பானியர் வாயில் ‘கட்ஸுரெட்ஸு’ ஆகி, பிறகு பாதியாகச் சுருங்கிக் ‘கட்ஸு’ என்று நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் கட்லெட் என்றதும் மசித்த உருளைக்கிழங்கோ கொத்துக்கறியோ தட்டிப் பொரித்ததுதான் நினைவுக்கு வரும். கட்ஸு அப்படியல்ல, மசிக்காத, முழுத் துண்டுக் கறி.

இதன் பிறப்பு பன்றிக்கறியில். டோக்கியோவின் கின்ஸா பகுதியில் 1895-ல் தொடங்கிய ரெங்காதேய் என்ற உணவகம் 1899-ல் இதைப் பரிமாறத் தொடங்கியதாகச் சொல்வார்கள். அதுவரை கட்லெட்டை வெண்ணெயில் வாட்டி, ஓவனில் வைத்து வேகவிடுவது ஐரோப்பிய வழக்கம். அதை விட்டுவிட்டு, தெம்புராவுக்குச் செய்வதுபோல நிறைய எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்ததுதான் அங்கே நடந்த மாற்றம். ஓவனிலிருந்து எண்ணெய்ச் சட்டிக்குப் போன அந்தப் பண்டம் ஏர் ஃப்ரையர் வழியாக இப்போது மறுபடியும் ஓவனுக்கே வந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் செய்முறையின் பாதிச் சிக்கல் விளங்கிவிடும்.

ஏர் ஃப்ரையர் எதையும் பொரிப்பதில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் இந்தப் பெயரில் விற்கத் தொடங்கிய கருவி, உண்மையில் விசிறி வைத்த ஒரு சிறிய ஓவன். மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேலே வேகமாகச் சுற்றும் விசிறி, கீழே துளையிட்ட கூடை. சூடான காற்று கூடையைச் சுற்றிச்சுற்றி வந்து உணவின் மேலுள்ள ஈரத்தை அடித்துக்கொண்டு போகிறது. காய வைக்கும் வேலையை அது நன்றாகவே செய்யும். சிவக்க வைப்பதில்தான் எண்ணெயோடு போட்டியிட முடியாது. 180 டிகிரி சூட்டில் உள்ள எண்ணெயில் விரல் நுனி பட்டாலே கொப்பளித்துவிடும். அதே சூட்டில் உள்ள ஓவனுக்குள் கை ஒரு நொடி போய் வந்தால் அனல் மட்டும்தான் தெரியும். காற்று அவ்வளவு மெதுவாகத்தான் சூட்டைக் கொடுக்கும்.

அதனால்தான் எண்ணெய்ச் சட்டிச் செய்முறையை அப்படியே ஏர் ஃப்ரையருக்கு மாற்றினால் ஏமாற்றம் வருகிறது. பத்து நிமிடம் கழித்துக் கூடையை இழுத்துப் பார்த்தால் கறி வெந்திருக்கும், தூள் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிக் கிடக்கும். நிறம் வரட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் ஓரங்கள் கருகும், நெஞ்சுக்கறி நார்நாராகிவிடும். இதற்கு ஒரே நல்ல வழி, ரொட்டித்தூளைக் கறியில் ஒட்டுவதற்கு முன்பே எண்ணெய் விட்டு வறுத்துவிடுவது. நிறத்தை வாணலி கொடுத்துவிடும். கறியை வேகவைப்பதும் மொறுமொறுப்பைக் காப்பதும் மட்டுமே கருவியின் வேலையாக மிஞ்சும்.

அந்தத் தூளின் பெயர் பான்கோ. ‘பான்’ என்றால் ரொட்டி, ‘கோ’ என்றால் மாவு. 1543-ல் ஜப்பானுக்கு வந்த போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல் இந்தப் ‘பான்’. இலங்கைத் தமிழர் காலையில் சம்பலோடு சாப்பிடும் ‘பாண்’ என்ற சொல்லும் அதே போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்ததுதான். பான்கோவுக்கான ரொட்டியைப் பல ஆலைகளில் மாவுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி வேகவைக்கிறார்கள். வெளியிலிருந்து அனல் படாததால் அந்த ரொட்டிக்குப் பழுப்பு மேலோடு இருக்காது. அதைத் துருவினால் வெள்ளையான, நீளமான, காற்றோட்டமுள்ள சீவல்கள் கிடைக்கும். கடையில் ‘பிரெட் க்ரம்ஸ்’ என்று விற்கும் நைசான தூளும் ரஸ்க் பொடியும் இதற்கு ஈடாகாது. அவை கறியின் மேல் மண்போலப் படிந்து கெட்டியான ஓடாகிவிடும். பான்கோ கிடைக்காவிட்டால், ஒருநாள் பழைய வெள்ளை ரொட்டியின் ஓரத்தை நீக்கி, ஃப்ரீஸரில் இறுகவைத்து, துருவலின் பெரிய கண்ணில் துருவி உலர்த்தினால் ஓரளவு அதே தன்மை வரும்.

நான்கு பேருக்கு, எலும்பும் தோலும் நீக்கிய நெஞ்சுக்கறி 500 கிராம் போதும். பெரும்பாலும் இரண்டு துண்டுகள் நிற்கும். ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் கத்தி விட்டு இரண்டு தகடுகளாகப் பிரிக்க வேண்டும். நெஞ்சுக்கறி ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருப்பதால், அப்படியே வைத்தால் மெலிந்த பக்கம் காய்ந்துபோகும். பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, சப்பாத்திக் குழவியால் தடித்த பக்கத்தை மட்டும் தட்டி, எல்லா இடமும் ஒன்றேகால் சென்டிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். ஓங்கி அடித்தால் கறி கிழியும். குழவியின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். தொடைக்கறி எடுத்தால் இன்னும் சாறாக இருக்கும். ஆனால் அதன் ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும் நரம்பை இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிட வேண்டும்; இல்லாவிட்டால் சூடேறியதும் சுருண்டுகொள்ளும்.

மசாலா விஷயத்தில் கை கொஞ்சம் அடங்கியிருப்பது நல்லது. இஞ்சி பூண்டு விழுதோ தயிரோ தடவினால் கறியின் மேல் ஈரம் நிற்கும். அந்த ஈரம் ஆவியாகி உள்ளிருந்தே ஓட்டைத் தள்ளிவிடும். ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அவ்வளவுதான். அரை மணி நேரம் ஊறியதும் மேலே நீர் கோத்திருக்கும். அதைச் சமையலறை டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். கோழியைக் குழாய்த் தண்ணீரில் பீய்ச்சிக் கழுவினால் கிருமிகள் தொட்டி முழுக்கத் தெறிக்கும். கழுவாமல் சமைக்க மனம் வராதவர்கள், பாத்திரத்து நீரில் மெதுவாக அலசி, நன்றாக ஒற்றி உலர்த்தலாம்.

கறி ஊறும் நேரத்தில் தூளை வறுத்துவிடலாம். இரண்டு கப் பான்கோ, அதாவது ஏறக்குறைய 100 கிராம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். வாணலி குளிர்ந்திருக்கும்போதே இரண்டையும் போட்டு, எல்லாச் சீவலிலும் எண்ணெய் படும்படி விரலால் பிசிறிவிட வேண்டும். பிறகுதான் அடுப்பு, அதுவும் மிதமான தீ. முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பிறகு ரொட்டி வாட்டும் மணம் எழும். கரண்டி படும்போது அதுவரை மெத்தென்று நகர்ந்த தூள், காய்ந்த சருகுபோலச் சலசலக்கத் தொடங்கும். அங்கிருந்து வேலை வேகமாக நடக்கும். கண்ணை எடுக்கக் கூடாது. வெளிர்தேன் நிறம் வந்த அந்த நொடியில் வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால், அதன் சூட்டில் அடித்தூள் கருகும். வேண்டிய நிறத்துக்கு ஒரு படி குறைவாக நிறுத்துவதே சரி. மிச்ச நிறத்தைக் கருவி கொடுத்துவிடும்.

தூள் முழுக்க ஆறிய பிறகு மூன்று தட்டுகளை வரிசையாக வைக்க வேண்டும்: கால் கப் மைதா, அடித்த முட்டை இரண்டு, வறுத்த பான்கோ. மைதா கறியின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு முட்டைக்குப் பிடிமானம் தருகிறது. முட்டை சூட்டில் இறுகிப் பசையாகிறது. மைதாவில் புரட்டியதும் உதறி, மிஞ்சியதைத் தட்டிவிட வேண்டும். முட்டையில் தோய்த்ததும் சொட்டு நிற்கும்வரை தூக்கிப் பிடிக்க வேண்டும். மைதாவுக்கும் பான்கோவுக்கும் ஒரு கை, முட்டைக்கு மறு கை என்று பிரித்துக்கொண்டால் விரலில் மாவு கட்டாது. பான்கோத் தட்டில் கறியை வைத்து, மேலே தூளைக் குவித்து, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினால் போதும். தேய்க்கக் கூடாது. சீவல்கள் படுத்துவிடாமல் முள்முள்ளாக நிமிர்ந்து நிற்க வேண்டும். ஜப்பானியப் பான்கோ தொழிலில் இதற்குக் ‘கென்தாச்சி’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. வாள் நிமிர்ந்து நிற்பது என்று பொருள். கடிக்கும்போது கேட்கும் ‘ஸாக்குஸாக்கு’, நம் வாயில் சொன்னால் ‘மொறுமொறு’, அந்த முள்களிலிருந்துதான் வருகிறது. புரட்டிய துண்டுகளைப் பத்து நிமிடம் அப்படியே விட்டால் ஓடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தட்டில் மிஞ்சிய தூளில் பச்சைக்கறியின் ஈரம் பட்டிருக்கும். அதை எடுத்து வைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

கருவியை 190 டிகிரியில் நான்கு நிமிடம் சூடாக்கிக்கொள்ள வேண்டும். வெறும் கூடையில் பட்டர் பேப்பரை மட்டும் போட்டுச் சூடாக்கினால் விசிறிக்காற்றில் பறந்து கம்பிச்சுருளில் ஒட்டித் தீப்பிடிக்கலாம். பேப்பரே வேண்டாம், அடியிலிருந்து வரும் காற்றையும் அது தடுத்துவிடும். கூடையில் எண்ணெய் தடவி, துண்டுகளை ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். நான்கும் கொள்ளாவிட்டால் இரண்டு முறையாக வைப்பதே மேல். நெருக்கினால் ஆவி போக வழியின்றிக் கறி அவியும். மேலே மிக மெல்லிதாக எண்ணெய் தூவலாம். இதற்குச் சாதாரணத் தெளிப்பான் பாட்டில் நல்லது. அழுத்தம் ஏற்றிய டப்பாவில் வரும் எண்ணெய் ஸ்பிரேயில் கலந்திருக்கும் மற்றப் பொருள்கள் நாளடைவில் கூடையின் நான்ஸ்டிக் பூச்சைக் கெடுக்கும்.

ஆறு நிமிடம் ஆனதும் திருப்பிப் போட்டு, மேலும் நான்கு நிமிடம். கருவிக்குக் கருவி சூடு மாறுவதால் கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது. சமையல் தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் நடுக்கறிவரை செலுத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் தடித்த இடத்தை வெட்டிப் பார்க்கலாம்: கறி முழுக்க வெளுத்து, வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். இந்தச் சோதனை தெர்மாமீட்டர் அளவுக்கு உறுதியானதல்ல. தொடைக்கறிக்கு இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகத் தேவைப்படும்.

எடுத்த கட்ஸுவை நேராகத் தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வேர்த்து நமுத்துவிடும். கம்பி வலை மேல் மூன்று நிமிடம் ஆறவிட்டு, கூரான கத்தியை மேலிருந்து ஒரே அழுத்தாக இறக்கி, இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்ட வேண்டும். கத்தியை முன்னும் பின்னும் இழுத்து அறுத்தால் ஓடு கழன்று வரும். அப்படி அழுத்தி வெட்டியும் ஓடு தனியாக வந்தால் பெரும்பாலும் கறியின் ஈரத்தைச் சரியாக ஒற்றவில்லை அல்லது மைதா தடிமனாகப் படிந்துவிட்டது என்று பொருள்.

பக்கத்தில் சோறும், சேமியாபோல மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோசும் வைப்பது ஜப்பானிய வழக்கம். கோஸைப் பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் போட்டு வடித்தால் நறுக்கென்று இருக்கும். தொட்டுக்கொள்ளும் சாஸை வீட்டிலேயே கலக்கலாம்: தக்காளி கெச்சப் மூன்று மேசைக்கரண்டி, வூஸ்டர் சாஸ் இரண்டு, சோயா சாஸ் ஒன்று, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. வறுத்து நுணுக்கிய எள் சேர்ந்தால் சுவை இன்னும் கூடும். சாஸைக் கட்ஸுவின் மேல் முழுக்க ஊற்றாமல் ஓரமாக வைத்துத் தொட்டுச் சாப்பிட்டால் கடைசித் துண்டுவரை மொறுமொறுப்பு நிற்கும். ஜப்பானியக் குழம்பை ஊற்றிக் ‘கட்ஸு கறி’ என்று சாப்பிடுவதும் உண்டு. தமிழில் பிறந்த ‘கறி’ என்ற சொல் ஆங்கிலேயர் வழியாக ஜப்பான் போய் அங்கே ‘கரே’ ஆகிக் கட்ஸுவோடு சேர்ந்திருக்கிறது.

மிஞ்சியதை மறுநாள் 180 டிகிரியில் நான்கைந்து நிமிடம், உள்ளேயும் நன்றாகச் சூடேறும்வரை வைத்தால் மொறுமொறுப்பு பெருமளவு திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் துவண்டுவிடும். நமுத்துப்போன கட்ஸுவுக்கு ஜப்பானியர் கண்ட வழி கட்ஸுதோன். வெங்காயத்தைச் சோயா சாஸ், சர்க்கரை, கொஞ்சம் சூப்புத் தண்ணீரில் வேகவிட்டு, கட்ஸுப் பட்டைகளை அதில் பரப்பி, அடித்த முட்டையைச் சுற்றிலும் ஊற்றி மூடிவிடுவார்கள். முட்டை இறுகியதும் அப்படியே சுடுசோற்றின் மேல் சரிக்க வேண்டும். ‘கட்ஸு’ என்ற ஒலிக்கு ஜப்பானிய மொழியில் ‘வெல்வது’ என்றும் பொருள் உண்டு. அதனால் தேர்வுக்கு முந்தைய நாள் பிள்ளைகளுக்கு இந்தச் சோற்றைச் செய்து கொடுக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது.